அம்மா அக்கவுண்ட்ல அப்படி என்னதான் இருக்கு?

இந்த வாரத்துக்கு வேற ஒரு டாபிக் ரெடி பண்ணி வெச்சிருந்தேன். அதைத் தள்ளி வெச்சுட்டு இதைப் பேசறேன். காரணம், எங்க அம்மா.

ரெண்டு மாசம் முன்னாடி, ஒரு செவ்வாய்க்கிழமை காலைல ஆபீஸ் மீட்டிங்ல இருக்கேன். திருச்சியிலேருந்து சித்தி போன். எடுத்ததும், "அம்மாவுக்கு என்னடா ஆச்சு?"ன்னாங்க. தூக்கிவாரிப் போட்டுடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கேன், அவசரமா எட்டாயிரம் வேணும், சாயங்காலம் திருப்பித் தர்றேன்னு அம்மா நம்பர்லேருந்து வாட்ஸ்அப் வந்திருக்கு. நான் பதறிப்போய் அம்மாவுக்கு அடிச்சா, அவங்க வீட்டுல நிம்மதியா வெங்காயம் உரிச்சுட்டு இருக்காங்க.

விசாரிச்சப்பதான் தெரிஞ்சது. முந்தின நாள் ராத்திரி, அம்மாவோட கோயில் குரூப்ல இருக்கிற ஒரு தோழி நம்பர்லேருந்து மெசேஜ்: "தெரியாம உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்க கோட் வந்திருக்கும், கொஞ்சம் அனுப்புங்களேன்." அம்மா அனுப்பிட்டாங்க. தோழியோட அக்கவுண்டே அதுக்கு முன்னாடி பறிபோயிருந்தது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆறு இலக்கம்தான் அம்மா நம்பரை வெச்சு இன்னொரு போன்ல வாட்ஸ்அப்பைத் திறக்கிற சாவி.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. இப்படி வேற போன்ல திறந்தா பழைய சாட் எதுவும் அவங்களுக்குப் போகாது. கான்டாக்ட் லிஸ்டும் போகாது. ஆனா குரூப்கள் போகும். குடும்ப குரூப், கோயில் குரூப், நாங்க முன்னாடி இருந்த தெருவோட குரூப். அதுல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா மெசேஜ் போயிருக்கு.

சித்தி போன் பண்ணிக் கேட்டாங்க. பழைய தெருவுல தையல் கடை வெச்சிருக்கிற அக்கா கேக்கல. ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு, பையனோட ஸ்கூல் ஃபீஸுக்கு வெச்சிருந்த எட்டாயிரத்தை உடனே ஜிபே பண்ணிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி அம்மா என்கிட்ட கேட்டாங்க: "என் போன்ல அப்படி என்னடா இருக்கு? குட்மார்னிங் பூவும் முருகர் படமும்தானே? இதை எதுக்கு ஒருத்தன் திருடணும்?"

நான் அஞ்சு வருஷமா சாஃப்ட்வேர் எழுதறவன். அந்தக் கேள்விக்கு உடனே ஒழுங்கா பதில் சொல்ல எனக்கு வரல. அதான் இந்த எபிசோட்.

முதல்ல, யாரும் அம்மாவைக் குறி வெச்சு வரல. நம்மில் பெரும்பாலானவங்களை யாரும் குறி வைக்கறதில்ல. சினிமாவுல ஹூடி போட்டவன் ஒரே ஒரு ஆளோட பாஸ்வேர்டை ராத்திரி பூரா கண்டுபிடிச்சுட்டு இருப்பான். நிஜத்துல அது மெஷின் பண்ற வேலை, மொத்த வியாபாரம்.

2009ல ராக்யூன்னு ஒரு அமெரிக்கக் கம்பெனியிலேருந்து 3.2 கோடி பாஸ்வேர்டு வெளிய போச்சு. எதையும் மறைச்சு வைக்காம அப்படியே எழுத்தா சேமிச்சிருந்தாங்க. அதுல அதிகம் பேர் வெச்சிருந்த பாஸ்வேர்டு 123456. லிங்க்ட்இன்ல 2012ல திருட்டுப் போனப்ப ஏதோ 65 லட்சம்னு நினைச்சோம். 2016ல பார்த்தா 11.7 கோடி பேரோட மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் விலைக்கு வந்திருந்தது. இந்த மாதிரி லிஸ்ட் எல்லாம் இன்னைக்கும் சுத்திட்டுதான் இருக்கு.

இப்ப லிஸ்ட்டை வெச்சிருக்கிறவன் இடத்துல இருந்து யோசிங்க. அவன்கிட்ட பத்து லட்சம் ஜோடி இருக்கு. ஒரு சின்ன புரோகிராம் எழுதி, அதே மெயில், அதே பாஸ்வேர்டை ஷாப்பிங் தளத்துல போட்டுப் பார்க்கறான், மெயில்ல போட்டுப் பார்க்கறான், கேம்ல போட்டுப் பார்க்கறான். ஆயிரத்துல ஒண்ணு திறந்தாலே ஆயிரம் அக்கவுண்ட். அவனுக்கு ஆன செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. நீங்க யாரு, சம்பளம் என்ன, எதுவும் அவனுக்குத் தேவையில்ல. தெருவுல நிக்கிற எல்லா வண்டியிலயும் ஒரே சாவியைப் போட்டுப் பார்த்துட்டுப் போற மாதிரி.

திறந்தப்புறம் என்ன பண்ணுவான்? சிலதை அப்படியே வித்துடுவான். பழைய இன்ஸ்டா அக்கவுண்டுக்கும் விலை இருக்கு, ஏன்னா நேத்து ஆரம்பிச்ச போலி ஐடியை விட அது நிஜ ஆள் மாதிரி தெரியும். மெயில் கிடைச்சா ஜாக்பாட். மத்த எல்லா இடத்துலயும் 'பாஸ்வேர்டு மறந்துட்டேன்'னு அழுத்தினா லிங்க் வந்து விழறது அங்கதானே? நம்ம வீட்டுச் சாவிக்கொத்து மாட்டியிருக்கிற ஆணி அது.

ஆனா எனக்கு விஷயம் நிஜமா உறைச்சது இன்னொரு கேஸ்ல. 23அண்ட்மின்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி. எச்சில் அனுப்பினா டிஎன்ஏ பார்த்து உங்க பூர்வீகம் சொல்லுவாங்க. 2023ல அங்க புகுந்தவங்க கம்பெனி சர்வரை எல்லாம் உடைக்கல. வேற இடத்துல கசிஞ்ச பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தாங்க. சுமார் 14,000 அக்கவுண்ட் திறந்துச்சு. அவ்வளவுதான். ஆனா அந்தத் தளத்துல, டிஎன்ஏ ஒத்துப்போற சொந்தக்காரங்களைக் காட்டற ஒரு வசதி உண்டு. அது வழியா கடைசியில கிட்டத்தட்ட 69 லட்சம் பேரோட விவரம் போச்சு. இந்த 69 லட்சம் பேர்ல, யாருக்கும் எங்கயும் கிடைக்காத மாதிரி பாஸ்வேர்டு வெச்சிருந்தவங்களும் இருந்திருப்பாங்க. என்ன பிரயோஜனம்? பார்த்தே இராத ஒரு ஒண்ணுவிட்ட அண்ணன் பழைய பாஸ்வேர்டையே வெச்சிருந்தான்.

அம்மா கேஸும் இதேதான்னு அப்பதான் புரிஞ்சது. அம்மா போன்ல இருந்த எதுவும் திருடனுக்கு வேண்டியதில்ல. அம்மா கேட்டா ஏன்னு கேக்காம கொடுக்கிற ஆளுங்க இருக்காங்க, அதுதான் வேணும். முப்பது வருஷமா கடன் வாங்கினா சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொடுத்து, யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளா போய் நின்னு சம்பாதிச்ச பேர் அது. அவன் அதை எட்டாயிரம் எட்டாயிரமா மாத்தப் பார்த்தான்.

"என்கிட்ட ஒண்ணுமில்ல, என்னை எதுக்கு ஹேக் பண்ணணும்"னு சொல்றவங்களைப் பார்த்தா இப்ப எனக்குக் கொஞ்சம் கோபம் வருது. நானும் அப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். அன்னைக்கு ராத்திரியே 'ஹேவ் ஐ பீன் போண்ட்'ங்கற தளத்துல என் மெயிலைப் போட்டுப் பார்த்தேன். ட்ராய் ஹன்ட்னு ஒரு ஆஸ்திரேலியர் 2013ல ஆரம்பிச்சது, எந்தெந்தத் திருட்டுல உங்க மெயில் போயிருக்குன்னு காட்டும். காலேஜ் காலத்து மெயில், நாலு இடத்துல கசிஞ்சிருந்தது. அப்ப வெச்ச பாஸ்வேர்டு, கடைசியில ஒரு ஆச்சரியக்குறி மட்டும் சேர்த்து, இன்னும் ஏழு இடத்துல ஓடிட்டு இருந்தது. அதுல ஒண்ணு என் மெயின் மெயில். ஆபீஸ்ல செக்யூரிட்டி ட்ரெய்னிங்ல நூத்துக்கு நூறு வாங்கின ஆள் சார் நான்!

சரி, அம்மா கதைக்கு வர்றேன். வாட்ஸ்அப்பை அவங்க போன்லயே மறுபடி அவங்க நம்பரைப் போட்டு, வந்த கோடை அடிச்சோம். அந்த நிமிஷமே அவன் வெளிய. ஆனா அவன் போறதுக்கு முன்னாடி டூ-ஸ்டெப் பின் வெச்சுட்டான். அது தெரியாம உள்ள போக ஏழு நாள் காத்திருக்கணும். அந்த ஏழு நாள் அம்மா ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, "அது நான் இல்ல"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. 1930க்கு அடிச்சுப் புகாரும் கொடுத்தோம். பணம் போனதும் முதல் வேலையா அந்த நம்பருக்குத்தான் அடிக்கணும். சீக்கிரம் சொன்னா பணத்தை நடுவழியில நிறுத்த வாய்ப்பு உண்டு. எங்களுக்கு அரை நாள் லேட். தையல் அக்காவோட பணம் இன்னும் வரல.

அம்மா சீட்டுப் பணத்துல எட்டாயிரம் எடுத்துட்டு நேரா அக்கா கடைக்குப் போனாங்க. "நீங்களா வாங்கினீங்க? வேண்டாம்மா"ன்னு அக்கா மறுத்திருக்காங்க. "என் பேரைச் சொல்லி வாங்கினது, நான்தான் கொடுக்கணும்"னு தையல் மெஷின் மேல வெச்சுட்டு வந்துட்டாங்க.

ஏழாம் நாள் வாட்ஸ்அப் திரும்பி வந்ததும் செட்டிங்ஸ்ல அக்கவுண்டுக்குள்ள போய், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட உட்கார்ந்தோம். இது இருந்திருந்தா கோடை அனுப்பியிருந்தாலும் அவனால உள்ள வந்திருக்க முடியாது. "என்ன நம்பர்டா வைக்கட்டும்?"னாங்க. என்கிட்ட சொல்லாதீங்கம்மா, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. அப்புறம் போனை என் பக்கத்துலேருந்து திருப்பிக்கிட்டு, முந்தானையால மறைச்சு, ஒவ்வொரு நம்பரா அழுத்தினாங்க.