மாத்திரை டப்பாவை எங்க ஒளிச்சு வைக்கிறது?

இன்னைக்கு வலிப்பு நோய் பத்திப் பேசப்போறோம். நம்ம ஊர்ப் பேச்சுல ஃபிட்ஸ், காக்கா வலிப்பு. இதை எடுக்கக் காரணம் ஒரு கேள்வி. கேட்டவங்க எங்க ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல ஒரு பொண்ணு. பேரு வேண்டாம். மாத்திரை ஒழுங்கா போடுறாங்க, மூணு வருஷமா ஒரு தடவை கூட வரல. இப்போ கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு. 'மாப்பிள்ளை வீட்டுல மூச்சு விடக்கூடாது'ன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. அவங்க கேட்டது இதுதான்: "அங்க போனப்புறம் மாத்திரை டப்பாவை எங்க அண்ணா ஒளிச்சு வைக்கிறது?"

இந்தப் பயத்துல சட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கு. 1955-ல வந்த இந்து திருமணச் சட்டத்துல முதல்ல வலிப்பு பத்தி ஒண்ணுமே இல்ல. 1976-ல ஒரு திருத்தம் கொண்டு வந்து, மனநோயோட சேர்த்து வலிப்பையும் உள்ள நுழைச்சாங்க. திரும்பத் திரும்ப வலிப்பு வர்றவங்களோட கல்யாணத்தை கோர்ட்டுக்குப் போய் ரத்து பண்ணிக்கலாம்னு ஆச்சு. வலிப்பு மூளையில ஏற்படுற மின்சாரக் கோளாறு, மனநோய் இல்ல. ஆனா சட்டத்துல ரெண்டும் ஒரே வரியில. இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் 1970-லயே ஆரம்பிச்ச அமைப்பு. அவங்க மாதிரி ஆட்கள் விடாம கேட்டு, 1999-லதான் அந்த வார்த்தையை எடுத்தாங்க. 23 வருஷம்! ஒரு வார்த்தையை டெலீட் பண்ண! 2023-ல பம்பாய் உயர் நீதிமன்றத்தோட நாக்பூர் கிளை இன்னும் ஒரு படி மேல போய், வலிப்பைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க முடியாதுன்னு சொல்லிருச்சு.

சட்டம் மாறிருச்சு. தரகர் இன்னும் பழைய வெர்ஷன்லதான் ஓடுறார்.

சரி, மறைச்சா என்ன ஆகும்? முதல்ல மாத்திரை தவறும். மாமியார் அடுப்படியில நிக்கிறாங்க, இப்போ வேண்டாம், அப்புறம் போட்டுக்கலாம். அந்த 'அப்புறம்' சில நாள் வராது. சரியான மருந்து கிடைச்சா 10-ல 7 பேர் வரைக்கும் வலிப்பே இல்லாம வாழலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆனா தவறாம போடணும். திடீர்னு நிறுத்தினா, விடாம தொடர்ந்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது குழந்தை. நம்ம ஜில்லாக்காரங்க நிறைய பேர் ரயிலேறிப் போற திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா இருக்கே, அங்க 1995-லயே வலிப்புக்கு மூளை ஆபரேஷன் ஆரம்பிச்சுட்டாங்க. 1998-ல இருந்து வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்குன்னே ஒரு பதிவேடும் வெச்சிருக்காங்க. பெரும்பாலானவங்களுக்கு நல்லபடியாத்தான் குழந்தை பிறக்குது. ஒண்ணு மட்டும் முக்கியம். வால்ப்ரோயேட் மாதிரி சில மருந்து வயித்துல இருக்கற குழந்தையைப் பாதிக்கலாம். அதனால கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி, தேவைப்பட்டா மாத்தணும். நாமளா நிறுத்தக்கூடாது. புருஷனுக்கே தெரியாத நோய்க்கு இந்தத் திட்டத்தை யாரோட உட்கார்ந்து போடுறது?

அப்புறம் நம்ம ஆறு. தாமிரபரணியில முங்கிக் குளிக்காட்டி எங்க ஊர்க்காரங்களுக்கு குளிச்ச மாதிரியே இருக்காது. வலிப்பு உள்ளவங்க தண்ணியில மூழ்கி இறக்குற அபாயம் மத்தவங்களை விட பல மடங்கு அதிகம். ஆத்துக்கே போகாதேன்னு நான் சொல்லல. கூட ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். ஆத்துல பத்துப் பேர் இருந்தாலும் தெரியலன்னா, 'நல்லா முங்கு போடுறா'ன்னுதான் நினைப்பாங்க.

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல சுமார் 800 பேரோட நின்னுபோச்சே, அதேதான். ரோடு இல்ல, கரன்ட் இல்ல. அந்த மாதிரி நேரத்துல பிபி மாத்திரை, சுகர் மாத்திரைன்னா பக்கத்து வீட்டுல கூச்சப்படாம கேட்கலாம். வலிப்பு மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு யார்கிட்ட கேட்க? மழைக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடியே ரெண்டு வார மாத்திரை கூடுதலா வாங்கி வெச்சிருங்க, ப்ளீஸ்.

இதுக்கெல்லாம் டாக்டர் மட்டும் போதாது. புனேயில சம்வேதனான்னு ஒரு அமைப்பு. ஆரம்பிச்ச யசோதா வாகன்கருக்கே வலிப்பு இருந்திருக்கு. வலிப்பு உள்ளவங்களும் குடும்பமும் ஒண்ணா உட்கார்ந்து பேசுவாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது, இவங்களுக்குன்னே கல்யாண மையமும் நடத்துறாங்க. ஜாதகத்துக்கு முன்னாடியே மாத்திரை டப்பா மேசை மேல வந்துரும். அதுக்கப்புறம் ஒளிக்க என்ன இருக்கு?

அந்தப் பொண்ணுக்கு நான் எழுதின பதில் சின்னதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையைக் கூட்டிட்டு உங்க நரம்பியல் டாக்டரைப் பாருங்க, டாக்டரே விளக்கட்டும்னு. அவர் ஓடிப்போனா? போகலாம். கல்யாணத்துக்கு முன்னாடி ஓடுறது நல்லதுதான்னு நான் சொல்லிடலாம். எனக்கு ஈஸி. பத்திரிகை அடிச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த அப்பாவுக்கு அது ஈஸி இல்லன்னும் தெரியும்.

கடைசியா, எதிர்ல யாருக்காவது வந்தா: சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுரும், கிரெடிட் மட்டும் சாவிக்குப் போயிருது. கை காலை அமுக்கிப் பிடிக்காதீங்க, வாயில எதுவும் வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. தலைக்கு அடியில மெத்துனு ஏதாவது வெச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, மணி பாருங்க. 5 நிமிஷத்தைத் தாண்டினா 108.

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் யாராவது இப்படி ஒரு கூட்டம் நடத்துறீங்கன்னா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல மைக் உங்களுக்குத்தான்.