பாசறையில் விழுந்த ஒப்போலை



ஒப்போலை படைக்கருவி ஏந்தாக் கைகளுக்கு உரியது என்பர். உருசிய நாட்டில், 1917-ஆம் ஆண்டின் இறுதியில், அது துமுக்கி ஏந்திய கைகளுக்கும் வந்து சேர்ந்தது.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் சார் மன்னன் முடிதுறந்தான். நாட்டுக்குப் புதிய அரசமைப்பை வகுக்க மக்கள் தேர்ந்தெடுத்த பேரவை வேண்டும் என்று அதன்பின் கட்சிகள் பலவும் கேட்டன. தேர்தல், புதிய நாட்காட்டிப்படி, நவம்பர் 25-இல் தொடங்கியது. ஆனால் அதற்குப் பதினெட்டு நாள் முன்னரே இலெனின் தலைமையிலான போல்செவிக்கர் தலைநகரான பெத்திரோகிராதில் ஆட்சியைக் கைப்பற்றிவிட்டனர்.

பிறருக்கு 20 அகவை; படைஞனுக்கு 18 அகவை. அதுவே ஒப்போலை உரிமைக்கு வரம்பு. சாவதற்குப் போதிய அகவை தேர்வதற்கும் போதும் என்பது நேர்மையே! ஐந்து போர்முனைகளும், பால்டிக், கருங்கடல் கப்பற்படைகளும் தனித்தனித் தொகுதிகளாயின.

படைஞன் வேண்டியவை இரண்டே: போர் நிற்கவேண்டும், ஊரில் நிலம் கிடைக்கவேண்டும். நவம்பர் 22-இல் இலெனின் கம்பியில்லாச் செய்தி வழியாகப் படைப்பிரிவுகளை நேரே விளித்தார். பகைவரோடு போர்நிறுத்தம் பேசச் சார்பாளரை அவர்களே தேர்ந்துகொள்ளலாம் என்றார். அப்பேச்சைத் தொடங்க மறுத்த தலைமைப் படைத்தலைவர் துகோனின் திசம்பர் 3-இல் மொகிலெவ் நகரில் கும்பலால் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் பகையில் குருதி சிந்திய நாள்களே தேர்தல் நாள்களாகவும் இருந்தன.

கணக்கைப் பாருங்கள். மேற்குப் போர்முனையில் விழுந்த 9 இலக்கத்து 76 ஆயிரம் ஒப்போலைகளில் ஆறரை இலக்கம் போல்செவிக்கருடையவை. வடக்கிலும் அவர்களே பாதிக்கு மேல். தொலைவிலிருந்த உருமேனியப் போர்முனையிலோ 11 இலக்கத்திற்கு மேற்பட்ட ஒப்போலைகளில் அவர்கள் பெற்றவை 1 இலக்கத்து 67 ஆயிரமே; உழவர் சார்பான குமுகாயப் புரட்சிக் கட்சி 6 இலக்கத்து 79 ஆயிரம் பெற்றது. உக்கிரைன் இனப் பட்டியலுக்கு அங்கே 1 இலக்கத்து 80 ஆயிரம்! ஒரே சீருடைக்குள்ளும் தம் இனத்தை மறவாதவர் அத்தனை பேர்.

நாடு முழுவதையும் கூட்டினால் போல்செவிக்கருக்கு நூற்றுக்கு 25 அளவே. எனினும் தலைநகருக்கு அணித்தான இரு போர்முனைகளும் அவர்கள் பக்கம். தீர்வுசெய்யும் இடத்தில், தீர்வுசெய்யும் நேரத்தில் தம் வலிமை மிகுந்திருந்தது என்று, இதே கணக்கை எடுத்துக்காட்டி, இலெனினே 1919 திசம்பரில் எழுதினார். எண்ணிக்கையில் வென்றவர்களின் ஆதரவாளரோ நெடுந்தொலைவில் இருந்தனர். பலர் படையை விட்டு ஊர் திரும்பிக்கொண்டும் இருந்தனர். ஒப்போலை அளித்தவன் அதைக் காக்க அங்கே இல்லை!

பெத்திரோகிராதிலேயே பேரவையின்பால் பரிவுகொண்ட படைப்பிரிவுகள் சில இருந்தன. பேரவை கூடும் நாளன்று ஊர்வலத்திற்குப் படைக்கருவியின்றி வாருங்கள் என்று குமுகாயப் புரட்சிக் கட்சியின் தலைமை அவர்களிடம் சொன்னது. வெறுங்கையோடு வர அவர்கள் இசையவில்லை. இதைப் பெருந்தன்மை என்பதா, பேதைமை என்பதா? 1918 சனவரி 18-இல் வெறுங்கையோடு வந்த மக்கள்மீதே குண்டு பாய்ந்தது.

அன்று மாலை தவுரிதா அரண்மனையில் பேரவை கூடியது. செர்நோவ் தலைமை தாங்கினார். விடியுமுன், காவலுக்கு நின்ற கப்பற்படைஞருள் செலெசுனியாகோவ் என்பவர் அவரை நெருங்கி, காவலர் களைத்துவிட்டனர், கலைந்து செல்லுங்கள் என்றார். பேரவை கலைந்தது. மீண்டும் கூட வந்த உறுப்பினர்களுக்குக் கதவு திறக்கவில்லை.