வழக்குரைத்த தெய்வங்கள்

(இந்து இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பெண்ணியத்துக்கும் பெண்களின் ஆன்மிக வாழ்வுக்கும் உள்ள உறவு யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். பெண்ணியம் என்ற சொல் புதிது. முன்னாளில் அதனைப் பெண்ணுரிமை என வழங்கினர். இப்பொருளைப் பற்றி இரு சாராரிடம் இரு கருத்துக்கள் உண்டு. "பெண்ணுரிமை மேல்நாட்டுச் சரக்கு, நம் பெண்களுக்குப் பக்தியே அணிகலன்" என்பர் ஒரு சாரார். "சமயமே பெண்ணைப் பிணித்த விலங்கு; அதனை உடைத்தாலன்றி விடுதலை இல்லை" என்பர் மறு சாரார். இவ்விரண்டும் நம் ஊர்க் கோயில்களைக் கண் திறந்து பாராதவர் கூற்றுக்கள் என்பது நமது துணிபு.

கல்முனைக்கு வடக்கே அடுத்துள்ளது பாண்டிருப்பு. அங்கே வீற்றிருப்பவள் திரௌபதை அம்மன். தெற்கே சாய்ந்தமருதைக் கடந்தால் காரைதீவு. அங்கே வீற்றிருப்பவள் கண்ணகை அம்மன். இவ்விருவரும் யார்? இருவரும் சபையில் நின்று நியாயம் கேட்ட பெண்கள். தன்னையே சூதில் தோற்ற ஒருவன், அதன்பின் மனைவியைப் பணயமாக வைக்க உரிமை உடையவனோ என்று அஸ்தினாபுரத்துச் சபையிலே கேட்டாள் ஒருத்தி. அச்சபையில் இருந்த வீட்டுமரும் துரோணரும் அவளுக்கு நேரிய விடை சொல்லவில்லை. மதுரையிலே பாண்டியன் முன் சிலம்பை உடைத்துக் காட்டித் தன் கணவன் கள்வன் அல்லன் என மெய்ப்பித்தாள் மற்றொருத்தி. அம்மன்னனால் தன் பிழையை அறிந்தபின் உயிர்தாங்க முடியவில்லை.

வைகாசித் திங்களில் கண்ணகை கோயில்களிலே குளிர்த்திச் சடங்கு நடக்கும்போது பாடப்படுவது கண்ணகி வழக்குரை. அப்பெயரையே சற்று எண்ணிப்பாருங்கள். வழக்கு உரைத்தவளைத்தான் நம் முன்னோர் தெய்வமாகக் கொண்டனர். அவளுடைய சினத்தைப் பாவம் என்று அவர்கள் சொல்லவில்லை. நியாயமான சினம் என்று ஏற்று, அதனைக் குளிரச் செய்வதற்கே சடங்கு வகுத்தனர். ஆகவே பெண் கேள்வி கேட்பது மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று இக்கரையில் இருந்துகொண்டு நாம் சொல்வது பொருந்துமா?

இது பழங்கதை மட்டும் அன்று. 1990களில் மட்டக்களப்புப் பகுதியிலே காணாமற்போன பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மார், படைமுகாம் வாயில்களில் விடை பெறாது, அம்மன் கோயில்களிலே தெய்வமாடுவோரிடம் வந்து, "என் பிள்ளை இருக்கிறானா?" என்று கேட்டனர். பற்றீசியா லோறன்ஸ் என்னும் மானிடவியல் அறிஞர் இதனை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். ஊரே வாய் திறக்க அஞ்சிய காலத்தில் ஒரு தாய் வாய்விட்டு அழுது கேட்கத்தக்க இடமாக அம்மன் சந்நிதி இருந்தது. 2017ஆம் ஆண்டு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து அதே கேள்வியை அரசினரை நோக்கிக் கேட்டனர். சந்நிதியிற் கேட்டதும் வீதியிற் கேட்டதும் ஒரே கேள்வியே. முன்னதை ஆன்மிகம் என்றும் பின்னதைப் பெண்ணியம் என்றும் பிரித்துப் பெயரிடுவது நாமே.

இனி, நம் வீட்டு நிலையைப் பார்ப்போம். இக்கரையிலே குடி என்பது தாய்வழி வருவது. மணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். சீதன வீடு மகளுக்கு உரியது. நம் அயலிலுள்ள முஸ்லிம் சகோதரர்களிடமும் இதே வழக்கம் வேரூன்றி நிற்கிறது. ஆனால் இன்று இவ்வழக்கத்தின் உயிர்நாடி தளர்ந்து வருகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அழிந்த வீடுகளிற் பல பெண்களுக்குச் சீதனமாக வந்தவை. மீளக் கட்டிக் கொடுத்தபோதோ, "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் ஆண்களின் பெயருக்கே பல வீடுகள் எழுதப்பட்டன. அதற்கு முன்னும் நிலைமை அப்படியே. அரச காணி பற்றிய 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்மக்களையே முன்வைத்தது. 2022ஆம் ஆண்டிலேதான் அது திருத்தப்பட்டது. வீடு பெண்ணுக்கு என்று வாயாற் சொல்லி, உறுதியில் ஆணின் பெயரை எழுதும் சமூகம், இலக்குமி வாசம் செய்க என்று வாசலிற் கோலமிடுவதால் என்ன பயன்?

கோயிலிலும் இதே முரண்பாடு உண்டு. வண்ணக்கர் பதவி தாய்வழிக் குடி பார்த்தே வருகிறது. ஆனால் அப்பதவியில் அமர்பவர் ஆண். நெல்லுக் குத்துபவர் பெண்கள். மடிப்பிச்சை எடுப்பவர் பெண்கள். குரவை இடுபவர் பெண்கள். கணக்குப் பார்க்கும் கூட்டத்திலோ அவர்களுக்கு இருக்கை இல்லை. "ஆகமம் இடந்தராது" என்று பெரியோர் சிலர் கூறலாம். கண்ணகை வழிபாடு நம் நாட்டிலே பத்ததி முறையில் வந்தது என்பதை அவர்களே அறிவர். மேலும் கணக்குப் புத்தகத்தைப் பெண் தொடலாகாது என்று எந்த ஆகமமும் விதித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பெண் ஒருத்தி கோயிலை நடத்தினால் என்ன ஆகும் என்பதற்குத் தெல்லிப்பழையே சான்று. சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925–2008) துர்க்கை அம்மன் கோயிலின் தலைமையை ஏற்றார். ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு அக்கோயில் இல்லம் அமைத்தது. போர்க்காலத்திலும் அறப்பணி ஓயவில்லை. ஊர்தோறும் சென்று அவர் ஆற்றிய சமயச் சொற்பொழிவுகளை ஆண்களும் பெண்களும் கூடியிருந்து கேட்டனர். பெண் துறவியருக்கென விவேகானந்தர் கண்ட கனவும் 1954இல் தட்சிணேசுவரத்திலே சாரதா மடமாக மலர்ந்தது. 1959 முதல் அம்மடம் தன் காரியங்களைத் தானே நடத்தி வருகிறது. இவற்றால் தர்மம் குறையவில்லை, வளர்ந்தது.

பெண்ணைப் போற்றுவது வேறு, பெண்ணுக்கு உரிமை கொடுப்பது வேறு என்பதற்கும் நம் வரலாறு பாடம் தருகிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சைவப் பெண்களுக்கெனப் பெருங்கல்லூரி நிறுவினார். அந்நன்றியை நாம் மறவோம். ஆனால் அவரே பின்னர், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என வாதிட்டார். அவர் தடுத்தும் 1931இல் இந்நாட்டுப் பெண்கள் வாக்களித்தனர். கல்வியைத் தந்த கை, அக்கல்வியின் பயனைத் தரத் தயங்கியது. அத்தயக்கம் நம் வீடுகளில் இன்றும் இல்லையா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

பெண்ணுரிமை பேசும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். காரைக்காலம்மையார் கணவனால் விடப்பட்டபோது உடல் வனப்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். அறுபத்து மூவரில் ஒருவரானார். பெண் தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ள உடல் அழகையே துறக்க வேண்டியிருந்த உலகம் அது. அந்த உலகத்தை நாம் கண்டிப்போம். ஆனால் அவருக்கு அத்துணிவைத் தந்தது எது? இறைவனைத் தவிர வேறு எவருக்கும் தான் அடிமை அல்லள் என்ற உள்ளத் தெளிவு. ஆண்டாள் மானிடர்க்கு வாழ்க்கைப்பட மறுத்ததும் அத்தெளிவினாலேயே. சட்டம் பெண்ணுக்கு உரிமையைத் தரலாம். அதனைக் கையில் ஏந்தி நிமிர்ந்து நிற்கும் உறுதியை உள்ளமே தரவேண்டும். அவ்வுறுதியின் ஊற்றைச் சமயம் என்று ஒதுக்கிவிட்டால் இழப்பு பெண்ணுக்கே.

ஆதலால் இம்மன்றத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறோம். முதலாவது, நம் கோயில் நிருவாக சபைகளில் பெண்களுக்கு வாக்குடன் கூடிய இடம் வேண்டும் என்று மன்றம் எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டாவது, சீதனமாகக் கொடுக்கும் வீட்டின் உறுதி மகளின் பெயரிலேயே எழுதப்படுகிறதா என்பதை மன்றத்து இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்திலே கவனிக்க வேண்டும். மணமகனாகப் போகிறவர் அதனைத் தாமே கேட்டு நிறைவேற்றுவது இன்னும் சிறப்பு. மூன்றாவது, கண்ணகி வழக்குரையைப் படிக்கவும் பாடவும் நம் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். பெண் உரைத்த வழக்கைப் பெண்ணின் குரலிலும் ஊர் கேட்கட்டும்.

பெரியோர்களே, இவற்றில் எதுவும் நம் மரபை அழிப்பதன்று. மரபு சொல்லியதை நாம் செய்துகாட்டுவதே. இளைஞர்களே, பதினெட்டு நாள் நோன்பிருந்து தீயில் இறங்கும் துணிவு உங்களிடம் உண்டு. கூட்டத்தில் எழுந்து, "நம் சகோதரிகளின் இருக்கை எங்கே?" என்று கேட்பதற்கு அதனிற் பாதித் துணிவே போதும்.