வற்றும் பாத்திரம்: மடுத் திருத்தலமும் மேய்ப்புப்பணியும்



பசியைப் பிணியெனக் கண்டது மணிமேகலைக் காப்பியம். அப்பிணி தீர்க்கும் அமுதசுரபியை அது ஒரு துறவியின் கையிலே கொடுத்தது. துறவும் சோறும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்னும் அந்நெறியை, பிற்காலத்தில் வேறொரு சமயத்தார் வாழ்வில் காட்டிய இடம் ஈழத்தின் மன்னார்ப் பகுதியிலுள்ள மடுத் திருத்தலம்.

மடுவின் வரலாறு அகதிகளோடு தொடங்குகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தனர். 1670 அளவில் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் தங்கள் ஆலயத்து மாதா சுரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன. அவர்கள் தங்கிய இடமே மருதமடு. அங்கே வணங்கப்படும் அன்னையும் அகதியாய் வந்தவளே.

குருவின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரைத் தேடிக் கோவாவிலிருந்து 1687இல் வந்தவர் யோசேப் வாஸ் அடிகள். ஒல்லாந்தர் கண்ணுக்குத் தப்ப அவர் பூண்டது பிச்சைக்காரர் கோலம். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, உற்றாரே நோயாளரைக் கைவிட்டபோது, அவர்களைத் தேடிச் சென்று பேணியவரும் அவரே. நோயுற்றவரிடம் அவர் சமயம் கேட்கவில்லை. 2015இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அவ்வழியில் வந்த குருமாரை 1990ஆம் ஆண்டு சோதித்தது. அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டதும், சைவரும் கத்தோலிக்கருமாக மக்கள் மடு வளாகத்தில் ஆயிரக்கணக்கில் தஞ்சம் புகுந்தனர். ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு அங்கே நிவாரண நிலையம் அமைத்தது. வன்னிக்குச் செல்லும் பொருட்களுக்கோ தடைகள் பல. அத்தகைய நாளில் மேய்ப்புப்பணி பூசையோடு முடிவதில்லை. வந்திருக்கும் அரிசி எவருக்கு, எவ்வளவு, எவருக்கு முதலில் என்பதும் குருவின் மனச்சாட்சிக்குரிய வினாவாகிவிடுகிறது. தன் மந்தையைச் சேர்ந்தவருக்கு ஒரு பிடி கூடுதலாக அளந்தால், அன்று மாலை அவர் ஆற்றும் மறையுரையை எவர் நம்புவார்?

அன்னம் அளித்தாலும் அரண் அளிக்க இயலாது என்ற கொடிய உண்மையையும் மடு கண்டது. 1999 நவம்பர் 20ஆம் நாள், தஞ்சம் புகுந்தோர் நடுவே எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் போர் மறுபடியும் நெருங்கியபோது, குருமார் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். மக்கள் இடம்பெயர்ந்தது போலவே அன்னையும் இடம்பெயர்ந்தாள்; அவ்வாண்டு ஆகஸ்டிலேதான் மடுவுக்குத் திரும்பினாள்.

அமுதசுரபி வற்றாத பாத்திரம். அதனை ஏந்தியவளுக்கு இல்லையென்று சொல்லும் துயரம் நேரவில்லை. மடுவின் குருமார் ஏந்தியதோ வற்றும் பாத்திரம். அது வற்றிய பின்னும் பசித்தவரை விட்டு அகலாதிருப்பதே மேய்ப்புப்பணியின் உரைகல். பசித்தவர் முன் வெறுஞ்சொல்லோடு நிற்பதற்குக் குரு நாணவேண்டும் என்றால், சொல்லையே செல்வமாகக் கொண்ட இலக்கியவாணரும் அந்நாணத்தில் பங்குகொள்ளக் கடமைப்பட்டவரே.