விழுந்தால் தண்ணீர்தானே?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவன் வாட்டர் ஸ்கீயிங் பற்றிப் பேசுகிறானே என்று நினைப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

ஸ்பீட் போட் கயிற்றால் இழுக்க, காலில் பலகை மாட்டித் தண்ணீர்மேல் வழுக்கிச் செல்லும் விளையாட்டு இது. 1922-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் தொடங்கி வைத்தார்.

"விழுந்தால் தண்ணீர்தானே" என்போம். தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு. மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால் ஓங்கி அறையும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நாலு மடங்கு, முதலாண்டுப் பாடம்தான். காது ஜவ்வு கிழியலாம், தோள்மூட்டு நழுவலாம், பலகை கழலாவிட்டால் முழங்கால் திருகிக்கொள்ளும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டால் விரலே போகலாம். ப்ரொப்பெல்லர் எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 25. கையை இழுத்துக்கொள்ள நேரம் ஏது?

அதனால்தான் படகில் இரண்டு பேர் வேணும். ஓட்டுகிறவர் முன்னால் பார்க்கணும், இன்னொருவர் பின்னால் வருகிறவரையே பார்த்துக்கொண்டிருக்கணும். எங்கள் ஷாப்பில் கிரேன் சுமை தூக்கும்போது கீழே நின்று சிக்னல் கொடுக்க ஒருவர் இருப்பாரே, அதே வேலை. "சும்மாதானே நிற்கிறார்" என்று அந்த ஆளை மிச்சம் பிடிக்கிற நாளில்தான் விபத்து நடக்கும்.

வேகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஆபத்துதான். ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய நம் திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காடு ஏரியில், 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின.

தம்பி தங்கைகளே, பருத்திப்பட்டு ஏரியில் சாதாரணப் படகில் ஏறினாலும், முட்டுக்காட்டில் ஸ்பீட் போட்டில் ஏறினாலும், லைஃப் ஜாக்கெட்டின் பக்கிள்களை எல்லாம் மாட்டுங்கள். நீச்சல் தெரிந்தவரும் அடிபட்டு மயங்கினால் மூழ்கத்தான் செய்வார். ஸ்கீயிங் என்றால் கூடுதலாகக் கேளுங்கள்: பின்னால் பார்க்க ஆள் உண்டா? விழுந்தவரை ஏற்றும்போது இன்ஜினை நிறுத்துவீர்களா? விழுந்தபின் நலம் என்று காட்ட என்ன சைகை?

சரியான பதில் வராவிட்டால் ஏறாதீர்கள். கூட வந்தவர்கள் "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். அடுத்த சந்திப்புக்கு நீங்கள் எல்லோரும் முழுசாக வந்து சேரணும்.