எண்ணிப் பார்த்தீர்களா?

விக்கிரமங்கலம் மாதிரி ஊர்களில், சாலை ஓரத்துத் திறந்த மனையில் பழைய கார், பழைய டிராக்டர் நிறுத்தி விற்பவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

பக்கத்தில்தான் ஸ்ரீபுரந்தான். அங்கே பிரகதீஸ்வரர் கோயில் பூட்டியே கிடந்தது. பூட்டு இருக்கிறதே என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். 2008இல் சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகக் கதவைத் திறந்தால், நடராசர் இல்லை! எப்போதோ போய்விட்டார்.

திருடு போன சிலை ஆஸ்திரேலியா வரை போயிருந்தது. அங்கே இருந்தது நம் நடராசர்தான் என்று எப்படி நிரூபித்தார்கள்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பழைய புகைப்படம் இருந்தது. அந்தப் படம்தான் சாட்சி. 2014இல் சிலை திரும்பி வந்தது.

சாமிக்கே அந்தக் கதி. டிராக்டர் எந்த மூலைக்கு?

வேலி போடுங்கள், விளக்கு போடுங்கள், கேமராவும் வையுங்கள். சாவியை வண்டியிலேயே விடாதீர்கள். ஆனால் அதோடு நிற்காமல், தினமும் எண்ணுங்கள். பேட்டரி இருக்கிறதா, டயர் இருக்கிறதா, கண்ணாடியை யாராவது உடைத்தார்களா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். மாட்டுக்கொட்டகையில் நம் பாட்டிமார் படுக்கப் போகுமுன் செய்தது இதுதானே!

வண்டி உள்ளே வந்த அன்றே நாலு பக்கமும் படம் எடுங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் படம் எடுங்கள். அந்த எண்கள் வெறும் செல்போனில் மட்டும் இருந்தால் போதாது. ஒரு நோட்டிலும் எழுதி, வீட்டில் வையுங்கள்.

இன்று கடை அடைக்குமுன் ஒருமுறை எண்ணிவிடுங்கள்.