காலம் தவறிய வரி விவரத்திரட்டு



முசலிக் கரையோரத்தில் அரசிறை என்பது ஒரு காலத்தில் கண்முன்னே குவித்துப் பங்கிடப்பட்ட பொருளாயிருந்தது. முத்துக் குளிப்பு நிகழ்ந்த நாள்களில், படகு கரை சேர்ந்ததும் குளிகாரர் தம் சிப்பிகளை மூன்று சம குவியல்களாக இடுவர். அரசாங்க அதிகாரி இரண்டைச் சுட்டிக்காட்டி எடுத்துக்கொள்வார். எஞ்சிய ஒன்றே குளித்தவர்களுக்கு. மூன்றில் இரண்டு என்பது கொடிய பங்குதான். ஆயினும் அன்றன்றே கணக்குத் தீர்ந்தது. 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் மூச்சடக்கி மூழ்கியவனுக்கு, ஆண்டுகள் கழித்து நிலுவைக் கடிதம் வர வழியில்லை.

1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டமும் அத்தகையதே. ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும். இயலாதவர் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். மக்கள் அதனை வெறுத்தனர். ஆனால் எவ்வளவு கடன் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

1932ஆம் ஆண்டு இலங்கையில் நடைமுறைக்கு வந்த வருமான வரியோ வேறு இனத்தது. இங்கே குவியலைப் பிரித்துக் காட்டவேண்டியவர் உழைப்பவரே. ஆண்டு முழுவதும் கைக்கு வந்ததையும் தொழிலுக்குச் செலவானதையும் அவரே கணக்கிட்டு, எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவ்வறிவிப்பே விவரத்திரட்டு. மதிப்பீட்டாண்டு ஏப்ரல் முதலாந் திகதி தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது; அதற்குரிய திரட்டை அடுத்து வரும் நவம்பர் 30க்குள் ஒப்படைத்தல் வேண்டும்.

சிலாவத்துறையில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை, உதிரிப்பாகம், எண்ணெய், கடை வாடகை எல்லாம் போக, மாதம் 1,30,000 ரூபா அவருக்கு மிஞ்சியது என்று கொள்வோம். ஆண்டு வருமானம் 15,60,000 ரூபா. அவ்வாண்டுக்குரிய தனிநபர் நிவாரணம் 12 இலட்சம். மீதி 3,60,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 6 வீதம் 21,600 ரூபா வரி. விலைவாசி ஏறிய அக்காலத்தில் அது ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று. ஆனால் தாங்க முடியாததுமன்று.

அவர் திரட்டை ஒப்படைக்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்று ஓராண்டு கடத்திவிட்டார். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 178ஆம் பிரிவு இந்தக் கடத்தலுக்கு ஒரு விலை வைத்திருக்கிறது. செலுத்தவேண்டிய வரியில் 5 வீதமும் மாதத்துக்கு 1 வீதமும் ஒரு கணக்கு. 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000 ரூபாவும் இன்னொரு கணக்கு. இரண்டில் எது பெரிதோ அதுவே தண்டப்பணம். உச்சவரம்பு நான்கு இலட்சம். பன்னிரண்டு மாதத் தாமதத்துக்கு முதற் கணக்கின்படி 3,672 ரூபா. இரண்டாவதன்படி 1,70,000 ரூபா! இருபத்தோராயிரத்துச் சொச்சம் வரிக்கு ஒன்றேமுக்கால் இலட்சத்தை நெருங்கும் தண்டம். பெருவணிகருக்கு உறைக்கும்படி வைத்த தொகை எளியவரை நசுக்கிவிடுகிறது என்ற குறையை இங்கே கூறாமலிருக்க முடியாது. வரிப்பணத்தின் மீது மாதம் ஒன்றரை வீத வட்டி வேறு.

தண்டம் மாதத்தோடு வளர்வது. ஆகையால் அச்சத்தால் இன்னும் ஒளிந்திருப்பது அதனை வளர்ப்பதேயாகும். திரட்டு வராதபோது, திணைக்களம் தனக்குத் தெரிந்த அளவில் தானே ஒரு மதிப்பீடு செய்யவும் சட்டம் இடமளிக்கிறது. எஞ்சின் திருத்துபவரின் எண்ணெய்ச் செலவை அந்த மதிப்பீடு எப்படி அறியும்? தம் செலவைத் தாமே காட்டியவருக்குத்தான் அது கழிக்கப்படும்.

விடுபட்ட ஆண்டுகள் பலவாயின், ஒவ்வோர் ஆண்டையும் அதன் அளவுகோலால் அளக்க வேண்டும். 2020/21, 2021/22 ஆகிய ஆண்டுகளில் நிவாரணம் 30 இலட்சம். 2023/24, 2024/25 ஆண்டுகளில் 12 இலட்சம். 2025 ஏப்ரல் முதலாந் திகதி தொடங்கிய ஆண்டிலிருந்து 18 இலட்சம். இடைப்பட்ட 2022/23 மட்டும் இரு கூறானது: முதல் ஒன்பது மாதத்துக்கு ஓர் அளவு, கடைசி மூன்று மாதத்துக்கு வேறோர் அளவு. நம் எஞ்சின் தொழிலாளி அதே 15,60,000 ரூபாவை 2021/22இல் பெற்றிருந்தால் வரி இல்லை. 2025/26இல் பெற்றாலும் இல்லை. இன்றைய 18 இலட்சத்தை நம்பிப் பழைய ஆண்டையும் மறந்துவிடுவோர்தாம் இடறுகின்றனர்.

வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. பதினெட்டு வயது நிரம்பியோர் அதனைப் பெறவேண்டும் என்ற அறிவித்தல் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. இலக்கம் பெற்றதனால் மட்டும் எவரும் வரி கட்டவேண்டியதில்லை. ஆனால் திரட்டைக் கோரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்துவிட்டால், வரியே இல்லாதவரும் அதற்கு மறுமொழி கொடுத்தாக வேண்டும்.

அக்கடிதம் எங்கே வருகிறது? முசலியில் இது பெரிய கேள்வி. 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இப்பகுதியைச் சேர்ந்தவை. போர் முடிந்தபின் பலர் மீண்டனர். எனினும் புத்தளத்தில் ஒரு வீடு, கொண்டச்சியில் ஒரு வீடு என்று வாழ்வோர் இன்றும் உள்ளனர். பதிவிலுள்ள முகவரி ஓரிடமும் உறங்கும் இடம் வேறுமானால், கடிதம் கைக்கு வருமுன் தவணை கழிந்துவிடும். மதிப்பீட்டை மறுத்து விண்ணப்பிக்க முப்பது நாளே தவணை. ஆகவே முகவரி மாற்றத்தை முதலில் அறிவித்தல் நன்று.

விடுபட்டதைச் சீர்செய்ய முனைபவர், பழைய ஆண்டிலிருந்து தொடங்கி ஆண்டுக்கொரு காகித உறையில் பற்றுச்சீட்டுகளையும் வங்கிக் கணக்கையும் சேர்த்து வைக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாதவிடத்து நாட்குறிப்பும் கொப்பியும் துணைசெய்யும். திரட்டு இப்போது இணையவழியே ஒப்படைக்கப்படுகிறது. அதில் பழக்கமில்லாதவர் 1944 என்ற தொலைபேசி இலக்கத்தில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தைக் கேட்கலாம். மொத்தமாகக் கட்ட இயலாதவர் தவணை கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். நோய், இடப்பெயர்வு போன்ற தக்க காரணம் இருந்தால் அதனையும் சான்றுடன் எழுதுதல் வேண்டும். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

வரவேண்டிய பணமும் சிலருக்கு உண்டு. 2025 ஏப்ரல் முதல் வங்கி வைப்பின் வட்டியில் 10 வீதம் பிடிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் அதற்குரிய பிரகடனத்தை வங்கியிடம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். கொடுக்காமல் இழந்த தொகையை மீளக் கேட்பதற்கு வழி, அந்த ஆண்டின் விவரத்திரட்டே.